மாதவிடாய் வலியும் உடற்பயிற்சியும்: மூலையிலிருந்து மைதானம் வரை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி செயலாளர் அக்கா கேட்டாங்க. சேமிப்பு, கடன், தொழில் பத்தியெல்லாம் எழுத விவரமானவங்க நம்மகிட்ட நிறையப் பேர் இருக்காங்க. அதனால நாம கூட்டத்துல சத்தமாப் பேசாத ஒரு விசயத்தை நான் எடுத்துக்கிட்டேன். அது மாதவிடாய் வலி. அந்த வலிக்கு நம்ம அப்பத்தா, அம்மாச்சி காலத்துல என்ன செஞ்சாங்க, படிச்ச டாக்டர்கள் என்ன சொன்னாங்க, அது எப்படி மாறிச்சு, இப்ப நம்ம பொண்ணுங்களுக்கு நாம என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. நூலகத்துல எடுத்த புத்தகம், மகள் போன்ல தேடிக் காட்டினது, கிராம சுகாதார செவிலியர் அக்கா சொன்னது எல்லாத்தையும் சேர்த்து எழுதியிருக்கேன். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கணக்கு

போன வருசம் ஒரு மாதக் கூட்டத்துல தீர்மான நோட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு அக்கா அவசரமாக் கிளம்பினாங்க. "என்னக்கா, இன்னும் கடன் பத்திப் பேசவே இல்லையே"ன்னு கேட்டேன். "மக வயித்துவலின்னு சுருண்டு படுத்திருக்கா. பள்ளிக்கூடமும் போகல. மாசாமாசம் இதே கதைதான்"னு சொன்னாங்க. உடனே பக்கத்துல இருந்த ராத்தாவும் "எம்மகளுக்கும் அப்படித்தான்"னு சொன்னாங்க. அப்புறம் பார்த்தா அங்க இருந்ததுல பாதிப் பேர் வீட்டுல அதே கதை.

நமக்குத்தான் கணக்கு நல்லா வருமே. அன்னிக்கே நோட்டுக்குப் பின்பக்கம் போட்டுப் பார்த்தோம். மாசத்துக்கு 2 நாள் லீவுன்னு வச்சுக்குவோம். பள்ளிக்கூடம் நடக்கிற 10 மாசத்துக்கு 20 நாள். ஆறாவதுலேருந்து பன்னிரண்டாவது வரைக்கும் 7 வருசம். மொத்தம் 140 நாள். ஒரு வருசப் படிப்புல பாதிக்கு மேல இந்த வலியிலேயே போயிருது. வட்டிக் கணக்குல ஒரு ரூபாய் குறைஞ்சாக்கூட கேட்கிற நாம, இந்த 140 நாளை ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பத்தா காலம்

நான் சமஞ்சது எட்டாவது படிக்கும்போது. தாய்மாமன் பச்சை ஓலையில குச்சு கட்டினார். பதினாறு நாள் மூலையில உட்கார வச்சாங்க. தனித்தட்டு, தனிப்பாய். அப்பத்தா தினமும் காலையில உளுந்தங்களி கிண்டி, நடுவுல குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்தி, கருப்பட்டி போட்டுத் தரும். "இடுப்பு எலும்பு பலமாகும், சாப்பிடு தாயி"ன்னு சொல்லும். அந்தக் களியை நான் இன்னிக்கும் குறை சொல்ல மாட்டேன். உளுந்தும் எண்ணெயும் கருப்பட்டியும் வளர்ற பிள்ளைக்கு நல்ல சாப்பாடு. அதைச் செஞ்சு போட்டதுல அப்பத்தாவோட பாசமும் இருந்துச்சு.

ஆனா அதோட சேர்த்து ஒரு பட்டியலும் தந்துச்சு. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, கயிறு தாண்டக்கூடாது. நான் பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல ஓடிக்கிட்டு இருந்த பிள்ளை. தொடர் ஓட்டத்துல கடைசி ஆளா என்னைத்தான் நிறுத்துவாங்க. குச்சை விட்டு வெளிய வந்த பிறகு ஒரு நாள்கூட ஓடல. "சமஞ்ச பிள்ளை ஓடுனா கர்ப்பப்பை எறங்கிப் போகும்"னு வீட்டுல சொன்னதை நானும் நம்பினேன்.

மாசாமாசம் வீட்டுக்குத் தூரம்னு திண்ணையோரத்துல ஒதுங்கி இருப்போம். இதைவிடக் கடுமையான ஊர்களும் இருக்கு. மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி பக்கம் கூவலாபுரம் மாதிரி சில ஊர்கள்ல மாதவிடாய் நாட்கள்ல பெண்கள் போய்த் தங்க 'முட்டுத்துறை'ன்னு தனி வீடே வச்சிருக்கிறதா சமீப வருசங்கள்லயும் செய்தி வந்திருக்கு.

இன்னொரு பக்கம் பார்த்தா நம்ம ராமநாதபுரம் சீமைப் பெண்கள் உடம்பை அசைக்காம இருந்தவங்களும் இல்லை. முளைப்பாரி போட்டுட்டா ஒரு வாரம் ராத்திரி ராத்திரி கும்மி கொட்டுவோம். குனிஞ்சு நிமிந்து, வட்டமாச் சுத்தி வந்து, கை தட்டி மணிக்கணக்கா ஆடுவோம். பொம்பளப் பிள்ளைங்க பாண்டி ஆடும், கோலாட்டம் ஆடும். இதெல்லாம் நல்ல உடற்பயிற்சிதான். ஆனா பிள்ளை சமஞ்சதும் பாண்டி நின்னு போகும். கும்மியும் வருசத்துல சில நாளோட முடிஞ்சுரும்.

படிச்ச டாக்டர்களும் அதையேதான் சொன்னாங்க

பிள்ளையை உட்கார வைக்கிறது நம்ம ஊர் பழக்கம் மட்டும்தான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. 1873ல அமெரிக்காவுல எட்வர்ட் கிளார்க்னு ஒரு பெரிய டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தினவர். வயசுக்கு வந்த பிள்ளைங்க ஆம்பளப் பிள்ளைங்க மாதிரி கடுமையாப் படிச்சா கர்ப்பப்பை கெட்டுப்போகும், அந்த நாட்கள்ல படிப்பையும் வேலையையும் விட்டுட்டு ஓய்வா இருக்கணும்னு அவர் சொன்னார். பெண்களுக்குக் கல்லூரி வேண்டாம்னு சொன்னவங்களுக்கு அந்தப் புத்தகம் நல்ல ஆயுதமாப் போச்சு.

அதுக்குப் பதில் சொன்னது ஒரு பெண் டாக்டர். பேரு மேரி புட்னம் ஜேக்கபி. அவங்க சண்டைக்குப் போகல, கணக்கெடுத்தாங்க. 1,000 பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினாங்க. 268 பேர் பதில் எழுதி அனுப்பினாங்க. எத்தனை நாள் வலி, என்ன வேலை செய்யிறீங்க, எவ்வளவு நடப்பீங்க, ஓய்வு எடுத்தா குறையுதான்னு அதையெல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்தாங்க. சில பெண்களோட நாடித்துடிப்பையும் மாசம் முழுக்க அளந்தாங்க. நல்லா சாப்பிட்டு ஆரோக்கியமா இருக்கிற பெண்ணுக்கு மாதவிடாய் நாட்கள்ல கட்டாய ஓய்வு தேவைன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்லைங்கிறதுதான் அவங்க கண்ட முடிவு. 1876ல அதே ஹார்வர்டு பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரைக்கு பாயில்ஸ்டன் பரிசு கொடுத்துச்சு. எழுதினவர் பேர் தெரியாமப் படிச்சுத் தேர்ந்தெடுக்கிற பரிசு அது.

அன்னிக்கு நாம நோட்டுக்குப் பின்னால கணக்குப் போட்டோமே, அதைத்தான் அந்தம்மா 1876லேயே செஞ்சிருக்காங்க. மத்தவங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருக்காம பெண்களையே கேட்டாங்க.

புதுக்கோட்டைப் பிள்ளை

நம்ம பக்கத்துல அப்ப என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். 1886ல புதுக்கோட்டையில பிறந்தவங்க முத்துலட்சுமி. நம்ம வீட்டுப் பிரசவத்துக்கு வாங்குற நிதியுதவித் திட்டம் அவங்க பேர்லதான் இருக்கு. விண்ணப்பத்துல அந்தப் பேரை எழுதியிருப்போம், ஆனா அவங்க கதை நமக்குத் தெரியாது. அவங்களுக்கும் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு போச்சு. வீட்டுலேயே பாடம் படிச்சுத்தான் தேர்வு எழுதினாங்க. அப்புறம் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில சேர்ந்த முதல் பெண் அவங்கதான். 1912ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கி டாக்டர் ஆனாங்க. 1927ல சென்னை மாகாண சட்டமன்றத்துக்கே துணைத் தலைவர் ஆனாங்க.

நான் யோசிச்சுப் பார்க்கிறது இதைத்தான். அவங்க வீட்டுல பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்துச்சு. அதனால உட்கார வச்ச மூலையிலேருந்து எழுந்து வந்துட்டாங்க. அதே காலத்துல அதே மாதிரி உட்கார வச்ச மத்த ஆயிரக்கணக்கான பிள்ளைங்க மூலையிலேயே இருந்துட்டாங்க.

மூச்சுப் பயிற்சி வந்த கதை

ஜேக்கபிக்கு அடுத்து வந்தவங்க கிளீலியா மோஷர் என்கிற பெண் டாக்டர். கலிபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மாணவிகளோட உடல்நலத்தைக் கவனிச்சவங்க. பல வருசமா சுமார் 2,000 பெண்களோட மாதவிடாய்க் குறிப்புகளைச் சேர்த்து வச்சுப் படிச்சாங்க. வலிக்கு அவங்க மூணு காரணம் சொன்னாங்க. ஒண்ணு, இடுப்பை இறுக்கிக் கட்டுற உடுப்பு. ரெண்டு, உடம்பை அசைக்காம இருக்கிறது. மூணாவதுதான் முக்கியம். வலி வரும், வரும்னு சின்ன வயசுலேருந்தே பிள்ளைகிட்ட பயமுறுத்திச் சொல்றது.

அவங்க சொல்லிக் கொடுத்த பயிற்சிக்குக் காசு செலவே இல்லை. இறுக்கமான துணியைத் தளர்த்திட்டு மல்லாந்து படுக்கணும். முழங்காலை மடக்கிக்கணும். ஒரு கையை வயித்து மேல வச்சுக்கணும். மூச்சை மெதுவா இழுத்து வயித்தை மேல தூக்கணும், மெதுவா விட்டு வயித்தைக் கீழ இறக்கணும். காலையும் ராத்திரியும் பத்துப் பத்து தடவை. அந்தக் காலத்துல அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் இந்தப் பயிற்சியை அவங்க பேரை வச்சே கூப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் 1950கள்ல கோலப் என்கிற டாக்டர், கையை விரிச்சு நின்னு, இடுப்பைத் திருப்பிக் குனிஞ்சு எதிர்க்காலைத் தொடுற மாதிரி ஒரு பயிற்சியைப் பள்ளி மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கும்மியில நாம குனிஞ்சு திரும்புற மாதிரிதான்.

டாக்டர்கள் இப்படிச் சொன்னாலும் உலகம் சுலபமா ஒத்துக்கல. 1928 ஒலிம்பிக்ல பெண்கள் 800 மீட்டர் ஓடினாங்க. ஓடி முடிச்சு களைச்சுப் போனதைப் பார்த்து, பெண்ணோட உடம்புக்கு இது ஆகாதுன்னு அந்தப் போட்டியையே எடுத்துட்டாங்க. திரும்ப 1960லதான் வந்துச்சு. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்ல சேர்ந்தது 1984ல. அதே 1984 ஒலிம்பிக்லதான் கேரளாவுலேருந்து போன பி.டி.உஷா நூத்துல ஒரு பங்கு நொடியில பதக்கத்தை விட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் நாலு வருசமோ எட்டு வருசமோ கழிச்சுப் பிறந்த என்னைக்கூட எட்டாவதுல "ஓடாதே"ன்னு நிறுத்திட்டாங்க.

வலி எங்கேருந்து வருது?

இதைச் செவிலியர் அக்கா நமக்குப் புரியிற மாதிரி சொன்னாங்க. கர்ப்பப்பைங்கிறது ஒரு சதை. மாசாமாசம் உள்சுவர் உதிரும்போது அதை வெளிய தள்ள அந்தச் சதை சுருங்கி விரியுது. அதைச் சுருங்கச் சொல்ற ஒரு பொருள் உள்சுவர்லயே சுரக்குது. அதுக்குப் பேரு புரோஸ்டாகிளாண்டின். அது அளவுக்கு மேல சுரந்தா சதை ரொம்ப இறுகி, ரத்த ஓட்டம் குறைஞ்சு வலி வருது. அதனாலதான் சில பிள்ளைகளுக்கு அடிவயிறு, இடுப்பு, தொடை வரைக்கும் இழுக்குது. குமட்டுது, வயித்தாலயும் போகுது. பெரும்பாலும் முதல் ரெண்டு நாள்.

சதையைச் சுருங்க வைக்கிற பொருள் மாதவிடாய் ரத்தத்துல இருக்குன்னு 1957ல இங்கிலாந்துல பிக்கில்ஸ் என்கிற ஆய்வாளர் எழுதினார். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகிறதைத் தடுக்குதுன்னு 1971ல ஜான் வேன் கண்டுபிடிச்சார். அந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 1982ல நோபல் பரிசு கிடைச்சுது.

நமக்கு இதுல முக்கியமான விசயம் என்னன்னா, வலி பொய் இல்லை. "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்"னு சொன்னதும் தப்பு, "நடிக்கிறா"ன்னு சொன்னதும் தப்பு. தீட்டும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. சதை இறுகுது, அவ்வளவுதான். இறுகுன சதைக்குச் சூடு வச்சா இதமா இருக்கும். உடம்பை அசைச்சா ரத்தம் ஓடும். நல்லா நடந்து, ஓடி வேர்க்கும்போது வலியை மட்டுப்படுத்துற பொருளை உடம்பே சுரக்குது. மாத்திரையும் தப்பு இல்லை. டாக்டர் சொன்ன மாத்திரையை, சொன்ன அளவுல, சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கலாம். ஆனா என்ன மாத்திரைன்னே தெரியாமப் போடுறதுதான் ஆபத்து. அதுக்கு என் கதையே இருக்கு.

மில்லுல கொடுத்த மாத்திரை

பத்தாவது முடிச்சுக் கொஞ்ச நாள் வீட்டுல இருந்தேன். பதினேழு வயசுல ஏஜென்ட் ஒருத்தர் வந்து பேசி, மூணு வருசம் வேலை பார்த்தா மொத்தமா ஒரு தொகை தருவாங்கன்னு சொல்லி, இன்னும் நாலு பிள்ளைகளோட என்னையும் ஒரு மில்லுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஊர் பேரும் மில் பேரும் இங்க வேண்டாம். எட்டு மணி நேரமும் நின்னுக்கிட்டேதான் வேலை. அந்த நாள் வந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். மேற்பார்வை பார்க்கிறவங்க ஒரு மாத்திரையை உள்ளங்கையில வைப்பாங்க. அட்டையிலேருந்து பிரிச்சு எடுத்த மாத்திரை. பேர் கேட்டா சொல்ல மாட்டாங்க. போட்டா அரை மணி நேரத்துல வலி போயிரும், மறுபடி மெஷின் முன்னாடி நிப்பேன். வெறும் வயித்துலயும் போட்டிருக்கேன். மூணு வருசம் கழிச்சு வீட்டுக்கு வந்தப்ப சோறு சாப்பிட்டா வயிறு எரியும், ரத்தமும் ரொம்பக் குறைஞ்சு போயிருந்துச்சு.

இது எனக்கு மட்டும் நடந்ததுன்னுதான் நினைச்சிருந்தேன். 2019ல தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டுச்சு. தமிழ்நாட்டு ஆடைத் தொழில்ல வேலை பார்க்கிற சுமார் 100 பெண்கள்கிட்டப் பேசினதுல, எல்லாருமே மாதவிடாய் வலிக்குப் பேர் இல்லாத மாத்திரை வாங்கிப் போட்டவங்க. பாதிக்கு மேற்பட்டவங்க அதனால உடம்பு கெட்டுச்சுன்னு சொல்லியிருந்தாங்க. மகள் அதைப் போன்ல படிச்சுக் காட்டினப்ப எனக்குக் கண்ணீர் வந்துருச்சு.

அப்பத்தா என்னை உட்காரச் சொன்னாங்க. மில்லுல என்னை நிக்கச் சொன்னாங்க. ரெண்டு இடத்துலயும் "உனக்கு எப்படி இருக்கு?"ன்னு என்னை யாரும் கேட்கல.

நாப்கின் வந்தது, பேச்சு வரல

நம்ம சுயஉதவிக் குழு வரலாறும் இதோட சேர்ந்ததுதான். தமிழ்நாட்டுல குழு தொடங்குனது 1989ல தருமபுரி மாவட்டத்துல. 1992-93ல அன்றைய மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் வந்துச்சு. 1997-98ல மகளிர் திட்டமாகி மாநிலம் முழுக்கப் பரவுச்சு. குழு வந்த பிறகுதான் நம்ம பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு இடம் கிடைச்சுது.

கோயம்புத்தூர் முருகானந்தம் குறைஞ்ச விலையில நாப்கின் செய்யிற மெஷினைக் கண்டுபிடிச்சார். அதை வாங்கி ஓட்டினதுல நம்மள மாதிரிக் குழுப் பெண்கள் நிறையப் பேர். 2016ல அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தாங்க. 2012ல தமிழக அரசு வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கிற புதுயுகம் திட்டத்தைத் தொடங்குச்சு. நாம பழைய சேலைத் துணியைக் கிழிச்சு வச்சோம், இருட்டுல துவைச்சு இருட்டுலயே காயப் போட்டோம். நம்ம பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இது பெரிய மாற்றம்.

ஆனா நாப்கின் வந்த வேகத்துல வலியைப் பத்தின பேச்சு வரல. நாப்கினைக் கையில கொடுத்துட்டு, வலிச்சா படுத்துக்கோன்னுதான் நானும் என் மகள்கிட்டச் சொன்னேன். அதுக்கு மிஞ்சினா மெடிக்கல்ல ஒரு மாத்திரை. மில்லுல பட்டதையும் மறந்துட்டேன்.

754 பெண்கள் சொன்ன பதில்

உலகம் முழுக்க நடந்த மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து வச்சு அலசுற அமைப்பு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு காக்ரேன். மில் மாத்திரைச் செய்தி வந்த அதே 2019லதான் அவங்க உடற்பயிற்சியையும் மாதவிடாய் வலியையும் பத்தின முடிவை வெளியிட்டாங்க. 10 ஆய்வுகள், 754 பெண்கள், பெரும்பாலும் 25 வயசுக்குக் கீழ உள்ளவங்க. வாரத்துக்கு மூணு தடவையாவது, ஒவ்வொரு தடவையும் 45 முதல் 60 நிமிசம் வரைக்கும் பயிற்சி செஞ்சவங்களுக்கு வலி நல்லாவே குறைஞ்சிருக்கு. வலியை 100க்கு அளந்தா சுமார் 25 குறைஞ்சிருக்கு. வேகமான பயிற்சியா இருந்தாலும் சரி, யோகா மாதிரி மெதுவான பயிற்சியா இருந்தாலும் சரி, பலன் கிடைச்சிருக்கு. ஆய்வுகள் எல்லாம் சின்ன ஆய்வுகள், இன்னும் பெரிய அளவுல செய்யணும்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. ஆனா காசு செலவு இல்லாத, வயித்தைப் புண்ணாக்காத வழிங்கிறதால செஞ்சு பார்க்கலாமே.

இங்க ஒரு கேள்வி கண்டிப்பா வரும். எங்க மாமியார் கேட்டதும் அதுதான். "நாங்க நாள் பூராவும் வேலை பார்க்கிறோம். தள்ளுவண்டியில அஞ்சு குடம் தண்ணி தள்ளிட்டு வர்றோம், மிளகாய்க் காட்டுல குனிஞ்சு பழம் எடுக்குறோம். இதைவிட என்ன பயிற்சி?"

நியாயமான கேள்வி. ஆனா மிளகாய்ப் பழம் எடுக்கும்போது நாள் முழுக்க இடுப்பு ஒரே பக்கம்தான் வளையுது. தண்ணி வண்டி தள்ளும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தள்ளுறோம். முடியலைன்னாலும் நிறுத்த முடியாது, வேலை முடியணும். பயிற்சின்னா உடம்பு எல்லாப் பக்கமும் வளையும், மூச்சு தாராளமாப் போய் வரும், முடியலைன்னா நிறுத்திக்கலாம். வேலை குடும்பத்துக்கு. பயிற்சி நமக்கு.

நாங்க செஞ்சு பார்த்தது

அந்தக் கணக்குப் போட்ட கூட்டத்துக்கு அப்புறம் எங்க குழுவுல மூணு வீட்டுப் பிள்ளைங்க, பக்கத்துக் குழுவுல மூணு வீட்டுப் பிள்ளைங்க, மொத்தம் ஆறு பேர். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வேகமா நடக்கிறது, கொஞ்சம் ஓட்டம், கயிறு தாண்டுறது. அப்புறம் பாய் விரிச்சு உட்கார்ந்து ரெண்டு பாதத்தையும் சேர்த்து வச்சு முழங்காலை வண்ணத்துப்பூச்சி மாதிரி அசைக்கிறது, முட்டி போட்டுக் குனிஞ்சு நெத்தியைத் தரையில வைக்கிறது, பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்கிறது. கடைசியில படுத்து அந்த வயித்து மூச்சு. இடையில பிள்ளைங்களே கும்மியும் சேர்த்துக்கிட்டாங்க. மாசம் முழுக்கச் செய்யணும். வலி வர்ற நாள்ல மட்டும் செஞ்சா போதாது. அந்த நாட்கள்ல முடிஞ்சா மெதுவா நடந்தா போதும், முடியலைன்னா விட்டுரலாம்.

எதிர்ப்பு வராம இல்லை. "வயசுப் பிள்ளையை நடுவீதியில ஓட விடுறீங்களே"ன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க. அதனால ஊருணிக்கரையை விட்டுட்டு ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு மாத்தினோம். தாய்மார்ல ஒருத்தர் முறை வச்சுக் கூடவே இருந்தோம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் அவங்கவங்க உடுப்புல, சங்கடம் இல்லாமச் செஞ்சாங்க.

மூணாவது மாசத்துக்கு மேல நாலு பிள்ளைங்க வலி குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. லீவு போடலை. என் மகளுக்கு முதல் நாள் மட்டும் கொஞ்சம் வலி இருக்கு. ஒரு பிள்ளைக்குப் பெரிய மாற்றம் இல்லை, ஆனா விளையாட ஆசையா வருது. இன்னொரு பிள்ளைக்கு வலி மாசாமாசம் கூடிக்கிட்டே போச்சு. அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்ததுல கட்டி இருக்கிறது தெரிஞ்சுது. இப்ப வைத்தியம் நடக்குது. பேசாமலே இருந்திருந்தா அவ இன்னும் பொறுத்துக்கிட்டுத்தான் படுத்திருப்பா.

அதனால இதைத் தாய்மார் எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க. வலி வருசத்துக்கு வருசம் கூடினா, மாதவிடாய் இல்லாத நாள்லயும் வலிச்சா, 7 நாளுக்கு மேல உதிரம் போனா, மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சா, காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தா, மாத்திரை போட்டும் அடங்கலைன்னா, பயிற்சியால சரியாகும்னு காத்திருக்க வேண்டாம். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. பிள்ளைக்கு ரத்தம் குறைவா இருந்தா இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் கொடுத்துத் தேத்தணும். அப்பத்தாவோட உளுந்தங்களியையும் விட வேண்டாம்.

நம்ம கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள்

ஜேக்கபி கேள்வித்தாள் அனுப்பி சுமார் 150 வருசம் ஆச்சு. அந்தக் கேள்வியை நாம இன்னும் நம்ம பிள்ளைங்ககிட்டக் கேட்கல. அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மான நோட்டுல ஏத்தணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, வாரத்துல மூணு சாயங்காலம் ஒரு மணி நேரம் நம்ம பொண்ணுங்க பாதுகாப்பா ஓடி ஆட பள்ளி மைதானத்தைக் கேட்டு மனுக் கொடுக்கணும். ரெண்டு, ஒவ்வொரு குழுவுலயும் ஒரு தாய் முறை வச்சுக் கூட இருக்கணும். மூணு, மில் வேலைக்குப் பிள்ளையை அனுப்புற வீட்டுல, பேர் தெரியாத மாத்திரையை வாங்கிப் போடக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பணும். நாலு, ஓய்வு வேணும்னு பிள்ளை கேட்டா கொடுக்கணும், ஓடணும்னு கேட்டா விடணும். ரெண்டுலயும் அவ சொல்றதுதான் கணக்கு.

போன மாசம் ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில பிள்ளைங்களோட நானும் கயிறு தாண்டினேன். முப்பத்தாறு வயசுல. பத்துத் தடவைக்கு மேல முடியல, மூச்சு வாங்குச்சு. எட்டாவதுல நிறுத்தினது, இன்னிக்குத்தான் மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்னு மகள்கிட்டச் சொன்னேன். "நாளைக்கு பதினொண்ணு தாண்டும்மா"ன்னு சொன்னா.

நம்ம பிள்ளைங்க எட்டாவதுல நிறுத்த வேண்டாம்.